இரண்டாம் தரம் கேட்காத ஊர்

அடிமட்டக் கோலை வரிக்குக் கீழே வைத்து, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மகேந்திரராஜா ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வரி முழுதாக விளங்கினால்தான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். இலங்கையில் மின்சாரக் கந்தோரில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்துப் பழகிய பழக்கம். "ஒப்பந்தம் எண்டால் மீன் மாதிரி. முள்ளுப் பாத்துத்தான் விழுங்கவேணும்" என்பார். அவர் மீன் சாப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

வருஷம் 1976. மெல்பேர்னின் மேற்குப் புறத்து நகரசபை ஒன்றில் அவர் தற்காலிகப் பொறியியலாளர். அந்த ஊருக்கு மின்சாரம் கொடுப்பதும் தெருத்தெருவாகக் கம்பம் நடுவதும் ஒரு கம்பனியின் உரிமை. அந்த உரிமையை இன்னும் இருபது வருஷத்துக்கு நீட்டிக்கலாமா, என்ன நிபந்தனைக்கு என்பதுதான் பேச்சுவார்த்தை. ஸ்ரேசன் வீதி வளைவில், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் கம்பத்தை லொறிகள் இரண்டு தரம் இடித்து, மின்கம்பி மதிலில் தொங்கியிருக்கிறது. அங்கே கம்பியை நிலத்துக்கு அடியில் கொண்டுபோக வேண்டும், செலவு கம்பனியுடையது என்று நகரசபை கேட்கிறது. ஏழாம் பிரிவு அதுதான். "இதை வாங்கித் தாரும், உம்முடைய வேலை நிரந்தரம்" என்று நகரசபைச் செயலாளர் ஹரிஸ் சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லாததையும் வாசிக்கத் தெரிந்த மனிதரிடம் அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

மகேந்திரராஜாவின் மரியாதை மெல்பேர்ன் தாங்காத மரியாதை. கொளுத்தும் வெயிலிலும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வருவார். கம்பனிக்காரர்களோ அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையுமாக வந்து உட்காருவார்கள். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தரம் வேண்டாம் என்பார். இரண்டாம் தரம் கேட்டால் சிரிப்பார். மூன்றாம் தரம் கையைப் பிடித்து வற்புறுத்தினால், பாவம், மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தேநீர் வண்டி தள்ளி வந்த பெண்மணி "தேநீர் வேண்டுமா?" என்று கேட்டாள். "சீச்சீ, வேண்டாம்" என்றார். "சரி" என்று போனவள்தான். இரண்டு வருஷமாக அந்த வண்டி அவருடைய மேசையில் நிற்பதேயில்லை. தேநீர் ஆகாத மனிதர் என்று கந்தோர் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள். அவர் வீட்டிலிருந்து சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் கொண்டுவந்து, ஒளித்துக் குடிக்கிறார்.

கம்பனியின் தரப்பில் பேச வருபவர் டொனலி. பெரிய உடம்பு, சின்ன அகராதி. ஒன்பது கூட்டங்களிலும் அவர் சொன்னது, "அது நடக்காது, மேட்." மேட் என்றால் கூட்டாளி; அந்த ஊரில் எல்லாரையும் அழைக்கும் சொல். மகேந்திரராஜா சளைக்கவில்லை. லொறி இடித்த திகதிகள், வீதியின் வரைபடம், பள்ளிக்கூட அதிபரின் கடிதம் எல்லாவற்றையும் மும்மூன்று பிரதி எடுத்து நீட்டினார். பத்தாம் கூட்டத்தில் டொனலி களைத்தே போனார். கோப்பை மூடிவிட்டு, "சரி மேட், நீங்கள் வென்றீர்கள். ஸ்ரேசன் வீதியில் எங்கள் செலவிலேயே கம்பியைப் புதைத்துத் தருகிறோம்" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மகேந்திரராஜா நாணத்தோடு மேசையைப் பார்த்தார்.

"ஐயையோ, அதெல்லாம் என்னத்துக்கு? உங்களுக்கு வீண் கரைச்சல், வீண் செலவு."

ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனாலும் அதில் யாழ்ப்பாணம் மணந்தது. இனி டொனலி வற்புறுத்த வேண்டும். அதுதானே முறை?

டொனலி அவுஸ்திரேலியாவிலேயே, பல்லராட்டில் பிறந்தவர். அங்கே அப்படி ஒரு முறை இல்லை. "பெரிய மனசு உங்களுக்கு" என்று சந்தோஷமாக எட்டாம் பிரிவைத் திருப்பினார். சுருக்கெழுத்துப் பெண், நகரசபை ஏழாம் பிரிவைக் கைவிட்டது என்று குறித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஹரிஸ் திரும்பி மகேந்திரராஜாவை முறைத்தார். மகேந்திரராஜா எட்டாம் பிரிவு முடியும்வரை காத்திருந்தார். ஒன்பதாம் பிரிவிலும் காத்திருந்தார். ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஹரிஸ் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை கையெழுத்து. அதற்குள் இதைச் சரிப்படுத்தும். இல்லாவிட்டால் வேறு வேலை தேடும்."

வீட்டுக்கு வந்து மனைவி சிவனேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் குசினியில் புட்டை அவியவிட்டபடி திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வேண்டாமெண்டோ சொன்னனீங்கள்?"

"ஒருக்காத்தானே சொன்னனான். அவன் திருப்பிக் கேக்கேல்லை."

"அவன் என்ன உங்கட மச்சானோ, கையைப் பிடிச்சு இருத்திச் சாப்பாடு போட? பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர தலைக்கு மேல கம்பி தொங்குது. அதிலையுமோ உங்கட உபசாரம்!"

மகேந்திரராஜாவுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வேலை போவதைவிட அந்தப் பிள்ளைகள்தான் நினைவில் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை, தாள்களெல்லாம் மேசைக்கு வந்த பிறகு எழுந்து நின்றார். ஊரார் பிழையெல்லாம் திருத்தியவர் இன்றைக்குத் தன் பிழையைச் சொன்னார்.

"போன கூட்டத்தில ஒரு பிழை நடந்தது. என்ர பிழைதான். எங்கட ஊரில முதல் தரம் வேண்டாமெண்டால், அது வேண்டாமெண்டு அர்த்தமில்லை. மரியாதைக்குச் சொல்லுறது."

டொனலி வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"மூண்டு தரம்."

"எனக்குப் பன்னிரண்டரைக்கு ரயில், மேட். இரண்டாம் தரமும் இதுதான், கடைசித் தரமும் இதுதான். கம்பியைப் புதைக்கட்டுமா, வேண்டாமா?"

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. ஓம், புதையுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் நாற்பத்தெட்டு வருஷம் பழகிய நாக்கு யார் பேச்சைக் கேட்கும்? முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. "சீச்சீ, உங்களுக்கு வீண்..." என்று உதடுகள் தொடங்கியும் விட்டன.

மகேந்திரராஜா இடது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, வலது கையால் டொனலியின் முன்னாலிருந்த ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, கைவிட்ட ஏழாம் பிரிவைச் சிவப்புப் பென்சிலால் திரும்ப எழுதத் தொடங்கினார்.