கல்யாண சோபாவும் என் உலோக இடுப்பும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து முகூர்த்தம் ஒன்றில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மண்டபத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஒரு மணப்பெண்ணின் காலடியில் நான் விழுந்தேன். பணிவினால் அல்ல. முட்டாள்தனத்தினால்.

கதையை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்போது என் இடது தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோய், அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். வைத்தியசாலையிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பும்போது சில கட்டளைகள் போட்டார்கள். தாழ்ந்த ஆசனத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தபடி முன்னால் குனியக் கூடாது. காலை உள்ளே திருப்பக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை வந்து எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு வருடம் பத்தியக்காரன் போல் நடந்தேன். பிறகு வலி போய்விட்டது. வலி போனால் பக்தியும் போய்விடும். கிளினிக் போவதை நிறுத்தினேன். நன்றாக இருக்கிற காலைக் காட்டுவதற்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போய் அரை நாள் வரிசையில் நிற்பானேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஏழெட்டு வருடம் அந்தத் தீர்ப்பை எதிர்த்து யாரும் மேன்முறையீடு செய்யவில்லை.

மாப்பிள்ளை என் பழைய மாணவன். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன், நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயரும் உண்டு. ஆகவே மண்டபத்தில் எனக்கு சோபா. மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் கதிரை. என் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற உயரம் அந்தக் கதிரைகள். சோபாவோ தோட்டத்துக் கிளார்க்கர் வீட்டிலிருந்து இரவலாக வந்தது. உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு நேரே வரும். "எனக்கு ஒரு கதிரை போதும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரியாதையை மறுக்கும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் யார் காலிலும் விழக் கூடாது என்பது என் கொள்கை. வகுப்பிலும் மேடையிலும் பல தடவை முழங்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளை என் முன்னால் மண்டியிட்டதும், கொள்கையைக் காப்பாற்றும் அவசரத்தில், சோபாவில் புதைந்திருந்தவன் அப்படியே குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். செய்யக் கூடாதென்று சொன்ன மூன்றையும் ஒரே அசைவில் செய்துவிட்டேன்.

டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் தரையில் கிடந்தேன். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டினார்.

இடது கால் குட்டையாகி, பாதம் உள்ளே திரும்பிக் கிடந்தது. வலியை எழுத எனக்குத் திறமை போதாது. என்ன நடந்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்; வாயில் வந்ததோ "உலோகம், உலோகம்" என்ற சொல் மட்டும். யாருக்கும் விளங்கவில்லை. விபூதி பூசினார்கள். சோடா உடைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், நல்ல பலசாலி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நரம்பு பிடித்திருக்கிறது, தைலம் போட்டு ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடும் என்றார். இரண்டு பேர் என் அக்குளைப் பிடித்தார்கள். அவர் என் கணுக்காலைப் பிடித்தார்.

"யாரும் தொடாதீங்க."

மணப்பெண். அன்று காலையிலிருந்து அவள் வாய் திறந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"புள்ள, நீ போயி பொண்ணா லட்சணமா ஒக்காரு. நாங்க பாத்துக்கிறோம்."

"மாமா, கையை எடுங்க. இழுத்தீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

மாமா கையை எடுத்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமனை அதட்டுகிற பெண்ணை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மண்டபத்துக் கூரையைப் பார்த்தான். அவளோ எழுந்தும் போகவில்லை. என் பக்கத்திலேயே மண்டியிட்டுக் காவல் இருந்தாள். நாலு பேர் உட்காரும் நீளமான மர வாங்கு ஒன்றைக் கொண்டுவந்து என்னை ஏற்றியபோதும், என் இடுப்புக்குக் கீழே தானே கைகொடுத்து, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூ அலங்காரம் செய்த கல்யாண வேனில்தான் என்னைக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு எதிரே வந்த வாகனங்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து வாழ்த்தின. உள்ளே என் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, கால் ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் அப்பா. மகளின் கல்யாணச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் வந்திருந்தார். வேனில் ஏறும்போதே கவனித்தேன், அவருடைய வலது பாதம் எழும்பாமல் தரையில் இழுபட்டது.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பல வருடத்துக்கு முன்பு மலையில் வேலை செய்யும்போது தண்ணீர் ஓடும் கானில் சறுக்கி விழுந்து இடுப்பு விலகிவிட்டதாம். லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்து எண்ணெய் போட்டு இழுத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எலும்பைச் சரிசெய்ய முடிந்ததாம், நரம்பை முடியவில்லையாம். அதோடு பாதம் போனது.

"இழுத்தவரு கெட்டவரு இல்லைங்க சேர். என் கூடப் பொறந்த அண்ணன். அவராலதான் இப்படின்னு இன்னைக்கு வரைக்கும் அவர்கிட்ட நான் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஒரு வளைவில் வேன் ஆட, நான் கத்தினேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். கண் விழித்ததும் முதலில் பாதத்தை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். உலோகப் பந்து சுழலுகிற பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. அதனால்தான் சோபாவுக்கே கழன்றிருக்கிறது. வருடா வருடம் ஏன் வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். நன்றாகத்தானே இருந்தது என்றேன். "நன்றாக இருக்கும்போது வரத்தான் சொன்னோம். வலித்தால் நாங்கள் சொல்லாமலே வருவீர்களே" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் களைப்பு. கிண்ணத்தை மாற்ற மறுபடியும் சத்திரசிகிச்சை. இரண்டு தடவை பட்டினி கிடக்கச் சொல்லி, சாமான் வரவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் தடவை வெட்டினார்கள். முதல் தடவை மாதிரி இல்லை இது. எழுந்து நடக்க மாதங்கள் பிடித்தன. இப்போது இடது கால் வலதை விட ஒரு விரல் பருமன் நீளம். பாடசாலைக்குப் போகும்போது மலை வலப்பக்கம், பள்ளம் இடப்பக்கம், அதனால் ராஜா மாதிரி போகிறேன். திரும்பி வரும்போது அதே பாதையில் கப்பலில் நிற்கிறவன் மாதிரி ஆடுகிறேன். வலது சப்பாத்துக்குள் அட்டை வைத்திருக்கிறேன். செருப்பு என்ற சுகம் முடிந்தது. இந்தக் கிண்ணமும் ஒரு நாள் தேயும் என்று தெரியும். அது என்னை முந்துமா, நான் அதை முந்துவேனா என்பது மட்டும் தெரியாது.

வருடம் தவறாமல் இப்போது வரிசையில் போய் நிற்கிறேன். பாதம் அசைகிறதா என்று காலையில் போர்வைக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அசையும் ஒவ்வொரு முறையும், தன் அப்பாவின் பாதத்தைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண் எனக்காகச் சபையில் போட்ட அதட்டலை நினைத்துக்கொள்கிறேன். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பரிசளிப்பு விழாவில் பேசியும் இருக்கிறேன்.

போன சித்திரையில் அவள் தாய்வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நன்றி சொல்ல அக்கரப்பத்தனைக்குப் போனேன். உயரமான கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேரக் கூடாதென்று அன்றைக்கு நீ தடுத்தாயே அம்மா என்று, விழா மேடையில் பேசிய அதே குரலில் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னாள்:

"அப்பா ஞாபகமெல்லாம் அப்ப வரலீங்க சேர். நீங்க என் சேலை மேல படுத்திருந்தீங்க. அவங்க உங்கள இழுத்திருந்தா சேலை ரெண்டா கிழிஞ்சிருக்கும். அது வாடகைச் சேலைங்க."