தூக்கியவன் தப்பு

பெர்ம் நகரத்து ஐஸ் அரங்கத்தில் ரோதியோன் லாப்ஷின் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. 'அல்பினாவைக் கீழே போட்டவர்' என்று கேட்டுப் பாருங்கள், அவர் ஸ்கேட் பிளேடு தீட்டும் அறைக்கே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவார்கள்.

பதினோரு வருஷம் அல்பினாவோடு ஜோடியாக ஸ்கேட்டிங் ஆடிய மனிதர். தேசியப் போட்டியில் இரண்டு வெண்கலம். பயிற்சியும் போட்டியுமாக அவளைத் தலைக்கு மேல் தூக்கியது லட்சம் தடவையை நெருங்கும். அதில் ஒரே ஒரு தடவை அவள் விழுந்தாள். அந்த ஒன்றைத்தான் தொலைக்காட்சியில் காட்டினார்கள், ஊரும் அதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

விழுந்தது யாரால்? கூட்டத்தைப் பார்த்துக் கை விரிக்கும் ஆசையில், தாளத்தை எண்ணி முடிப்பதற்குள் பிடியை விட்டவள் அல்பினா. அவளைத் தாங்கப் போய் ரோதியோனின் சுண்டுவிரல் கோணிக்கொண்டது, இன்றுவரை நிமிரவில்லை. ஆனால் பயிற்சியாளர் கபித்தோலினா மார்க்கோவ்னாவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"எது நடந்தாலும் தூக்கினவன் தப்புதான். பழி பொண்ணு மேல விழுந்தா நாளைக்கு மேல ஏறவே அவ பயப்படுவா. போ, நிருபர்கிட்ட 'என் தப்பு'ன்னு சொல்லு."

சொன்னார். அடுத்த வருஷமே ஜோடி கலைந்தது. அல்பினா மாஸ்கோவுக்குப் போய் ஐஸ் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள், கபித்தோலினா மார்க்கோவ்னா கண்ணை மூடியே வெகுகாலம் ஆயிற்று. இவர் மட்டும் முப்பத்தைந்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு அசட்டு மனிதர் இருப்பாரா!

இப்போது அரங்கத்தில் ஜோடிகளுக்குப் பயிற்சியாளர் தேவைப்பட்டது. ரோதியோன் போய்க் கேட்டார். பெற்றோர் குழுத் தலைவி ராயிஸா, மரியாதைக்குத் தகப்பன் பெயரையும் சேர்த்து அழைத்து, முகத்துக்கு நேரே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ரோதியோன் பாவ்லிச். கீழ போட்டவர்கிட்டயே எப்படிங்க பிள்ளைய ஒப்படைக்கிறது?"

அந்த டிசம்பரில் அரங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. அல்பினா மாஸ்கோவிலிருந்து வந்திறங்கினாள். ரோதியோன் அவளை உடை மாற்றும் அறை வாசலிலேயே மடக்கினார்.

"அல்யா, ஒரே ஒரு தடவை உண்மையச் சொல்லித் தொலை."

"ஐயோ ரோத்யா, இன்னுமா அதையே பிடிச்சுத் தொங்கறே?"

"நானா தொங்கறேன்? ஊருதான் என்னைத் தொங்க விட்டிருக்கு. எனக்கு அந்த வேலை வேணும்."

அல்பினா அவர் விரலைப் பார்த்தாள். "சரி, சொல்றேன்" என்றாள்.

சொல்லவும் செய்தாள். விழாவில் மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும்: "அன்னைக்குக் கைய விட்டது நான்தான். ரோத்யா மேல துளி தப்பு கிடையாது. எனக்காகத்தான் பழிய ஏத்துக்கிட்டான்."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ராயிஸா ஓடி வந்து அல்பினாவைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன மனசும்மா உங்களுக்கு! கீழ போட்ட மனுஷனையே இப்படிக் காப்பாத்தறீங்களே!"

"இல்லைங்க, நெஜமாவே நான்தான்..."

"தெரியும், தெரியும். எவ்வளவு பெருந்தன்மை!" ராயிஸா அரங்க நிர்வாகியின் பக்கம் திரும்பினாள். "எங்க பிள்ளைங்களுக்கு இவங்கதான் சொல்லித் தரணும்." நிர்வாகி அதற்குள் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அல்பினா சத்தியம் செய்து பார்த்தாள். செய்யச் செய்யச் சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோதியோன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

விழாவுக்கு வந்திருந்த மனைவி தாயாவும் அவரோடு டிராம் ஏறினாள். பிறகு அவர் கைமேல் கை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"ரோத்யா, அவ எவ்வளவு நல்லவ பாரு. எங்கிட்ட மட்டும் சொல்லு. நெஜமா நீதானே விட்டே?"

ரோதியோன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்சமிருந்த மூன்று கிலோமீட்டரையும் பனியில் நடந்தே வீட்டுக்குப் போனார்.