தபசு மரத்தில் அவர் மூச்சு விட்ட இடங்கள்

மாசியில் மிருதங்கக்காரர் செத்துப்போனார். பங்குனி முடிவதற்குள் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவரும் போய்விட்டார். எங்கள் செஞ்சிப் பக்கத்தில் இருவரும் ஒரே கூத்து ஜமா, ஒரே குழு. சித்திரையில் திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறியாக வேண்டும், அர்ச்சுனன் தபசும் நடந்தாக வேண்டும்.

அந்தத் தபசு மேடையில் நடிப்பதல்ல. பனை உயரத்துக்கு ஒரு மரம் நட்டு, குறுக்கே கட்டைகள் அடித்திருப்பார்கள். வேஷத்தோடு பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் நின்று எலுமிச்சம்பழம் வீச வேண்டும். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நானும் நின்றேன். அந்த அர்ச்சுனன் வேஷக்காரர் வீசிய பழம் என் மடியில் விழுந்தது. மறுவருஷம் மகன் பிறந்தான்.

அவனைத்தான் இப்போது மரம் ஏறக் கேட்டு வந்தார், கூத்தை நடத்தும் ஜமா வாத்தியார்.

"பையனுக்கு நல்ல கொரலு, டீச்சரம்மா. நம்மகூட பின்பாட்டு பாடறவன்தானே. வேற ஆளு யாரு இருக்குறாங்க?"

"அவன் கெணத்து மேட்டுல நின்னாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. வேணாங்க."

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "பழம் போட்டவரு போயிட்டாரு. அந்தப் பழமே ஏறட்டுமே, இன்னா இப்போ?"

அம்மன் காரியத்தை மறுத்தால் வேறு ஏதாவது ஆகிவிடுமோ என்று என் கணவருக்குப் பயம். நான் சாப்பிடாமல் கிடந்தேன். பி.யூ.சி. முடித்து வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்த மகன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யம்மா, நான் ஏறத்தான் போறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு எங்கெங்க மூச்சு உடுவாரு? புது மிருதங்கக்காரருக்கும் தெரியல. நீதான் வருஷா வருஷம் கீழ நின்னு பாத்த."

எனக்குத் தெரியும். பாதி மரத்தில் இடது கையால் மரத்தை அணைத்துக் கண்ணை மூடி நிற்பார். பக்தி என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். விலா ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கால் அடுத்த கட்டைக்கு எழும்பும் வரை, கீழே மிருதங்கக்காரர் கை ஓயாமல் நீட்டி வாசிப்பார்.

சொன்னால் நானே ஏற்றிவிட்டதாகும். சொல்லாவிட்டால் பாதியில் மூச்சு முட்டும். ஒவ்வொரு இடத்தையும் பாட்டு அடியோடு சொன்னேன். செத்துப்போன இருவரையும் அவ்வளவு நேரம் நினைத்தும், அவர்களுக்காக அழ எனக்குத் தோன்றவில்லை.

தபசு அன்று அவன் ஏறினான். முதல் இடத்தில் நின்றான், இரண்டாவதிலும் நின்றான். மூன்றாவதில் நிற்காமல் பாடிக்கொண்டே மேலே போனான். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்ததும் கேட்டேன், "ஏன்டா அங்க நிக்கல?"

"தேவப்படலம்மா."

வேஷத்துக்குள் அவன் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வல்லத்துத் தபசுக்கும் இவனையே கேட்டுட்டாங்க, டீச்சரம்மா," என்றார் வாத்தியார்.

அங்கே மரம் இன்னும் உயரமாம். வெள்ளிக்கிழமை ஏறுகிறான்.