குளியலறைக் கதவுக்கு வெளியே

எங்கள் சோப்புக் கூடத்தின் பொறுப்பாளரை நாங்கள் ‘ஏன் அக்கா’ என்று அழைக்க ஆரம்பித்தது, அவர் ‘டிசைன் திங்கிங்’ என்று, வாங்குகிறவரின் தேவை அறிந்து பொருள் செய்யச் சொல்லித்தரும் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான். அதுவரை வெறும் அக்கா. பல வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். நெரிசலில் யார் டிக்கெட் வாங்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். யார் ஒப்புக்குப் புகழ்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் அவருக்கு வரவில்லை.

மற்றவர்களான நாங்கள் தையல் ஆலை மூடியதும் வேலை போனவர்கள். ஒரு தொண்டு நிறுவனம் தன் கட்டடத்தின் பின்பக்க அறையைக் கொடுத்து, சோப்பு செய்யவும் கற்றுக்கொடுத்தது. எண்ணெயையும் சோடாக் காரத்தையும் கலந்து அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைத்து விற்றோம். வேலையிழந்த பெண்கள் செய்தது என்ற அட்டையைப் படித்ததும் வருகிறவர்கள் கண்கலங்கி வாங்கிப்போவார்கள். மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

நிறுவனத்தின் மேலாளர் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார். “முதல் தடவை வாங்கறது இரக்கம்மா. ரெண்டாவது தடவை வந்து வாங்கினாத்தான் வியாபாரம். அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குள்ள திரும்பி வர்ற ஒரு ஆளையாவது காட்டுங்க. இல்லேன்னா அறையை வேற குழுவுக்குக் கொடுத்துருவாங்க.” சொன்ன கையோடு அக்காவைப் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார்.

அக்கா குறிப்பெழுதி ஒட்டும் மஞ்சள் சீட்டு ஒரு கட்டோடு திரும்பி வந்தார்.

“எடுத்த எடுப்புல தீர்வைத் தேடக் கூடாதாம். வாங்கினவங்க வீட்டுக்குப் போயி, எப்படிப் புழங்கறாங்கன்னு கண்ணால பாக்கணுமாம். அவங்க சொல்ற பதிலோட நிக்காம ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேக்கணுமாம்.”

“அஞ்சு தடவை கேட்டா என் மாமியார் கரண்டியைத் தூக்கிருவாங்க,” என்றாள் எங்களில் வயதில் குறைந்த சின்னவள்.

முதலில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். சோப்பு அருமை என்றார். ஏன் அருமை என்றார் அக்கா. வாசனை நன்றாயிருக்கிறதாம். அந்த வாசனை ஏன் பிடித்தது, அது ஏன், அது ஏன் என்று அக்கா விடாமல் போக, ஐந்தாவது ஏனுக்கு டீச்சர், “ஏன்னா எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு!” என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வீட்டில் ஒரு மனிதரிடம், “நீங்க குளிக்கறதை நாங்க பாக்கலாமா?” என்று அக்கா பணிவாகக் கேட்டார். கதவு சாத்திய வேகத்தில் ஒரு மஞ்சள் சீட்டு இடுக்கில் மாட்டிக்கொண்டது.

ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கூடத்துச் சுவரில் சீட்டுகளை ஒட்டினோம். எல்லாவற்றிலும் ‘அருமை’.

“மாமா என்னக்கா சொல்றாரு?” என்று அக்காவின் கணவரைப் பற்றிக் கேட்டாள் சின்னவள்.

“உங்க மாமாவுக்கு ரெண்டு வருஷமா நம்ம சோப்புதான். தினமும் புகழ்வாரு.”

“ரெண்டு வருஷமா எத்தனை சோப்புக்கா கரைஞ்சிருக்கும்?”

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஒன்றுக்கு மேல் வீட்டுக்குக் கொண்டுபோன ஞாபகமே அவருக்கு இல்லை.

விறுவிறுவென வீட்டுக்குக் கிளம்பினார்; நாங்களும் பின்னாலேயே போனோம். அக்கா வீட்டுக் குளியலறை மாடத்தில் எங்கள் சோப்பு, அதன் மேல் பதித்த இலை முத்திரைகூட அழியாமல், பரிசுக் கோப்பை மாதிரி உட்கார்ந்திருந்தது. கவிழ்த்து வைத்த வாளிக்கு அடியில் தேய்ந்து மெலிந்த ஒரு நீலநிறக் கடைச் சோப்பு.

கடிகாரம் பழுதுபார்க்கும் மாமா அதிகம் பேசாதவர். வாசலில் திருதிருவென விழித்தார்.

“யாரு சோப்புங்க இது?”

“என்னோடதுதான்.”

“ஏன்?”

“உன்னோடதை எடுக்கப் பயமா இருக்கு.”

“ஏன்?”

“வழுக்குது.”

“ஏன்?”

“ஒரு கையில அடங்குனாத்தானே? முதல் நாளே கட்டைவிரல் மேல விழுந்துச்சு. நகம் போயி வேற நகமே முளைச்சாச்சு.”

“செருப்பு கடிச்சதுன்னு சொன்னீங்களே! ஏன்?”

மாமா தரையைப் பார்த்தார். “நீ எவ்வளவு ஆசையா கொண்டுவந்தே. எப்படிச் சொல்றது?”

ஐந்தாவது ஏன் தேவைப்படவில்லை. காசு கொடுக்கிறவர்களுக்குக் கைநிறையக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ரொட்டி சுடும் தகரத்தையே நாங்கள் அச்சாக வைத்திருந்தோம். வாங்கியவர்கள் எல்லோருக்கும் மாமாவைப் போலவே நல்ல மனசு. அதில்தான் எங்கள் பிழைப்பு போகவிருந்தது.

மறுநாள் அதே வீடுகளுக்குப் போனோம். இந்தத் தடவை சோப்பு எப்படி என்று அக்கா கேட்கவில்லை; “எங்க விழுந்துச்சு?” என்று கேட்டார். அவ்வளவுதான், வாய்கள் திறந்துகொண்டன. ஒருவர் வீட்டில் கைகழுவும் தொட்டி விரிசல் விட்டிருந்தது. டீச்சர் எங்கள் சோப்பைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தார். “இதுக்கு உண்மையிலேயே அருமைம்மா,” என்றார்.

பிறகு கம்பியால் அறுத்து, சீவி, உருட்டி, விதவிதமாகச் சின்ன சோப்புகள் செய்தோம். சோதிக்க ஆள் வேண்டுமே! செய்த பாவத்துக்கு மாமா மாட்டினார். அவர் உள்ளே, நாங்கள் எல்லோரும் சீட்டும் பேனாவுமாகக் கதவுக்கு வெளியே.

“விழுந்துச்சா மாமா?”

“இன்னும் இல்ல.”

தொப்பென்று ஒரு சத்தம்.

“ஏங்க விழுந்துச்சு?” என்றார் அக்கா.

“இன்னொரு தடவை ஏன்னு கேட்டே, நான் வெளியவே வரமாட்டேன்!”

நடுவில் இடுப்பு மாதிரி உள்வாங்கி, விரல் பதிய இடம் இருந்த சோப்பு கடைசிவரை விழவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மாமா பாடுவது கேட்டது. அக்கா அதையும் எழுதிக்கொண்டார். அந்த வடிவத்தில் செய்து காயவைத்து, பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தோம். யாரும் வரவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. மேலாளர் அறையை அளக்க நாடாவோடு வந்து நின்றார்.

அப்போது டீச்சர் தடதடவென உள்ளே நுழைந்தார். “என்னம்மா சோப்பு குடுத்தீங்க? அதுக்குள்ள கரைஞ்சே போச்சு!”

சின்னவள் கைதட்டினாள். எல்லோரும் தட்டினோம். அக்கா டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “கரைஞ்சிருச்சா? முழுசாவா?”

“புகார் சொன்னா கைதட்டறீங்க! நல்ல கூட்டம்மா இது. சரி, நாலு குடுங்க.” டீச்சர் பர்ஸைத் திறந்தார்.

மேலாளர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “டீச்சர், நாளைக்குக் கூட்டத்துல வந்து இதே மாதிரி ஒருதடவை திட்டுவீங்களா?”

“ஏன் நாலு...” என்று ஆரம்பித்தார் அக்கா. சின்னவள் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.