நீல போர்டும் சிவப்பு ப்ராசசரும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பிரேமில் லென்ஸ் பொருத்துவேன். வளைந்த கம்பியை நிமிர்த்துவேன். எட்டாவது வரை படித்தேன். மீதி கையால் கற்றுக்கொண்டது.

வீட்டில் நானும் என் மகளும்தான். லாஸ்பேட்டையில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் கட்டடப் பிளான் வரைகிறவள். தவளக்குப்பத்தில் ஒரு வேன் அவள் ஸ்கூட்டரை இடித்தது. இடுப்பு எலும்பு உடைந்தது. நாலு மாதம் படுக்கை. முதல் மாதம் அழுதாள். பிறகு அழவில்லை. பேசவும் இல்லை. வைத்த சோற்றில் பாதியைத் தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரையெல்லாம் அவ கைக்கு எட்டுறாப்புல வெக்காதீங்கண்ணா."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா என் சட்டைப் பையில்தான். அதோடுதான் வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை இன்ஜினியர் போன் செய்தார். "திங்கக்கிழம பத்து மணிக்கு வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல ஒரு கட்டடத்தத் திருப்பிக் காட்டும்மா. ஓடுச்சுன்னா வீட்லயே வேல பாரு. இல்லன்னா நான் வேற ஆளு பாக்கணும்."

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். எழுதப் பேப்பர் கேட்டாள்.

அவளோடு படித்த பெண் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். திரை இருந்தது, பெட்டி இருந்தது. உள்ளே போர்டும் ப்ராசசரும் செத்திருந்தன. அவை இரண்டும்தான் வேண்டும். ப்ராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை, போர்டு அது உட்காரும் பலகை என்று மகள் சொன்னாள். இரண்டு கம்பெனி உண்டாம். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நீல டப்பா, சிவப்பு டப்பா என்று எழுதிக் கொடுத்தாள்.

"எதும்மா நல்லது?"

"ரெண்டும் நல்லதுதாம்பா. எது கெடைக்குதோ அது."

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு வாங்கப் போனேன். முதல் கடைக்காரர் நீலக் கட்சி.

"செவப்பா? அடுப்பு சார் அது. மேல கல்லு வெச்சா தோச ஊத்தலாம்."

நீல போர்டு எடுத்து வைத்தார். ப்ராசசர் மட்டும் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். எனக்குத் திங்கள் பத்து மணி. போர்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நாலு கடை தள்ளி இன்னொரு கடை. ஒரு அம்மா நடத்துகிறார். அவர் சிவப்பு.

"நீலமா? அதெல்லாம் பேர பாத்து வாங்குறதுண்ணா. மாப்பிள்ள பாக்குறாப்புல."

சிவப்பு ப்ராசசர் கையிருப்பில் இருந்தது.

"போர்டு இருக்குதாண்ணா?"

"இருக்குது."

"நம்மளுதுதான?"

"ஆமாம்மா. இப்பதான் வாங்கினேன்."

நம்மளுது என்றால் சிவப்பா என்று அவர் கேட்டிருக்கிறார். என்னுடையதா என்று நான் நினைத்துக்கொண்டேன். என் தொழிலில் எந்தக் கம்பெனி லென்ஸும் எந்தக் கம்பெனி பிரேமுக்கும் போகும். ஓரத்தைத் தேய்த்தால் போதும். இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

முதலியார்பேட்டையில் வீடு வந்து சேர மணி ஒன்றரை. காலையில் நான் கொடுத்துவிட்டுப் போன மாத்திரையின் அசதியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழும்போது வேலை முடிந்திருக்கட்டும் என்று பிரித்தேன். போர்டின் நடுவில் முடியை விட மெலிசாக நூற்றுக்கணக்கில் கால்கள். ப்ராசசரைத் திருப்பினால் அதன் வயிற்றிலும் கால்கள். கால்மேல் கால் எப்படி உட்காரும்? கடைக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஷட்டர் இறங்கியிருக்கும், எடுக்கவில்லை. நாலு மணி வரை பொறுத்திருக்கலாம்.

லென்ஸ் இறங்காவிட்டால் கட்டைவிரலால் ஒரு அழுத்து கொடுப்போம். டக் என்று உட்காரும். அப்படி அழுத்தினேன். சத்தம் மட்டும் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். "என்னாப்பா?"

காட்டினேன். நீலத்தைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

"ஜோடியா வாங்கணும்னு சொல்லாம உட்டுட்டேன். உட்டுடுப்பா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு மணிக்கு முதல் கடை ஷட்டர் ஏறும்போதே நின்றேன். அவர் போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எல்லாம் நசுங்கிப் போச்சு சார். இத வெச்சினு துணிதான் தொவைக்கலாம்."

அந்த அம்மாவின் கடைக்குப் போனேன்.

"யாருண்ணா இத அழுத்துனது?"

"நான்தாம்மா."

"அழுத்தவே கூடாதுண்ணா. வெச்சா அதுவா எறங்கணும்."

எண்ணினோம். பதினொரு கால் வளைந்திருந்தது. நிமிர்த்துகிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்.

"நான் நிமுத்தட்டுமா?"

"உங்களால முடியுமாண்ணா? என் கையே நடுங்கும்."

"அதாம்மா என் வேல."

ஸ்டூலும் விளக்கும் பூதக்கண்ணாடியும் கொடுத்தார். என் இடுக்கி சட்டைப் பையில் மாத்திரை டப்பாவோடு இருந்தது. பத்துக் கால் நிமிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்தேன். பதினொன்றாவது கையோடு வந்துவிட்டது.

அந்த அம்மா உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, "செல காலு போனா செத்துடும். செல காலு போனா நொண்டிக்கினு ஓடும். பாப்பம்," என்றார்.

பழைய சிவப்பு போர்டு ஒன்றைத் தேடி எடுத்தார். கேரண்டி கேட்கக் கூடாது என்றார். மகள் உட்கார முதுகு சாய்கிற நாற்காலி வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். அவர் ப்ராசசரை வைத்தார். அதுவாகவே இறங்கியது. காற்றாடி சுற்றியது. திரையில் எதுவும் வரவில்லை. மெமரியை மாற்றிச் செருகினார். எழுத்து வந்தது.

"ஒரு பக்கம் மெமரி எடுக்க மாட்டேங்குது. பாதிதான் வேல செய்யும். அந்தக் காலு இதுக்கானது."

"பாதியில கட்டடம் திரும்புமாம்மா?"

"சின்ன வீடு திரும்பும். பெருசுன்னா சொல்ல முடியாதுண்ணா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா சொல்லிக் கொடுத்தபடி போர்டைப் பெட்டிக்குள் பொருத்தி மூடிக் கட்டில் பக்கம் வைத்தேன். அவள் திரும்பவில்லை. "ஓடுதும்மா" என்றேன். சோறு வடித்தேன். அவள் தின்னவில்லை. மத்தியானம் போனது. டப்பா பையில் இருக்கிறதா என்று நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன்.

"நொண்டிக்கினுதான் ஓடுது. பாதி மெமரி. ஒரு கால நான் ஒடச்சுட்டேன்," என்று அவள் முதுகிடம் சொன்னேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "பாதின்னா எவ்ளோ காட்டுது?"

"எனக்கு எங்க தெரியும். நீதான் பாக்கணும்."

திரும்பினாள். தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்தேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வேண்டாததையெல்லாம் அழித்தாள்.

திங்கள் பத்து மணி. இன்ஜினியர் போனில் வந்தார். அவள் திரையில் இருப்பது அவர் திரையிலும் தெரியும். மூன்று மாடிக் கட்டடம். அவள் திருப்பினாள். பாதி திரும்பி நின்றுவிட்டது. நான் கதவோரம் நின்றேன். அவள் கை அசையவில்லை. கட்டடம் தானாக மீதியும் திரும்பியது. மறுபடி நின்றது. மறுபடி திரும்பியது.

"என்னம்மா நின்னு நின்னு வருது?"

"நெட்டு ஸ்லோ சார்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி. ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்."

போனை வைத்ததும் முதுகு வலிக்கிறது என்றாள், பசிக்கிறது என்றாள். இரண்டு இட்லி வைத்தேன். இரண்டையும் தின்றாள். நான் வேலைக்குக் கிளம்பினேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மாத்திரை டப்பாவை அவள் மேசையில், திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தாள். திரைப் பக்கம் திரும்பினாள்.

கடையில் அன்று ஒரு பிரேமும் எனக்கு ஒழுங்காக வரவில்லை. மத்தியானம் ஷட்டர் இறங்கியதும் வீட்டுக்கு ஓடி வந்து மாத்திரைகளை எண்ணினேன். சரியாக இருந்தது.