தழும்பில்லாத முகம்

சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பதினெட்டு வருஷம் படம் வரைந்தேன். காலண்டருக்கு லட்சுமி, முருகன். தீப்பெட்டி லேபிளுக்குக் கிளி, மான். பட்டாசுப் பெட்டிக்குச் சிரிக்கிற குழந்தை. அத்தனை வருஷத்தில் இந்த ஊர்ப்பக்கம் நிஜமாக நடமாடிய ஒரே ஒரு பெண்ணின் முகத்தைத்தான் வரைந்திருக்கிறேன். முதல் தடவை வரைந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். அழகாக வரைந்துவிட்டேன். என் வீட்டுக்காரிக்கே முழுசாகத் தெரியாத விஷயம் இது.

ஐம்பதுகளின் கடைசி என்று நினைவு. வெம்பக்கோட்டை போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு பாழுங்கிணறு உண்டு. தண்ணீர் வற்றிப் போய் வருஷக்கணக்கானது. ஆடு மேய்க்கப் போனவர்கள் எட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு பெண் கிடந்தாள். கழுத்தில் கயிறு இறுக்கிய தடம் இருந்ததால் தானாக விழுந்தவள் இல்லை என்று போலீசுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் யாரென்று தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் பார்த்த முகம் என்று சொல்லவில்லை. யார் என்று தெரியாமல், கொன்றது யார் என்று எங்கே போய்த் தேடுவது?

போட்டோ எடுத்தார்கள். வீங்கிக் கறுத்துப் போன முகம் போட்டோவில் வெறும் மைத்திட்டாக விழுந்திருந்தது. அதை நோட்டீசில் போட்டால் பெற்ற தாய்க்கும் விளங்காது. சப் இன்ஸ்பெக்டர் எங்கள் முதலாளியிடம் வந்து யோசனை கேட்டார். நம்ம ஆர்ட்டிஸ்ட் வரைந்தால் ஆள் எழுந்து வந்த மாதிரி இருக்கும் என்று முதலாளி சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பிணத்தைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்பதே மறந்து, தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினேன்.

பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசிருக்கும். நெற்றியிலிருந்து தாடை வரை அம்மைத் தழும்பு, நெருக்கமாக. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. இடது காதுமடல் என்றைக்கோ அறுந்து, இரண்டு துண்டாகவே ஆறிப் போயிருந்தது. எல்லாவற்றையும் பென்சிலில் குறித்துக்கொண்டேன். அந்தப் பென்சில் படம் சரியாக இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் தெரியாமல் நடந்த தப்பு என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசிவிடுவார்கள்.

தப்பு மறுநாள் காலையில், என் மேஜையில், நல்ல வெளிச்சத்தில் நடந்தது. அந்தக் காலத்து லித்தோ வேலையில் முகம் என்பது புள்ளிதான். துத்தநாகத் தகட்டின் மேல் மெல்லிய பேனாவால் ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்து வைத்துக் கன்னத்தையும் நெற்றியையும் கொண்டுவர வேண்டும். நடுவில் எங்காவது வெள்ளை விட்டுப் போனால் அச்சில் சொத்தை விழுந்த மாதிரி தெரியும்; ஆர்டர் கொடுத்த கம்பெனி படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் வெள்ளையைக் கண்டால் அடைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் பழக்குவதே அதுதான். அவள் தழும்புகளை வெள்ளையாக விட்டு விட்டுத்தான் ஆரம்பித்தேன். படம் எனக்கே பிடிக்கவில்லை. ஒன்றை அடைத்தேன். பிறகு பக்கத்தில் இருந்ததை அடைத்தேன். மத்தியானத்துக்குள் கன்னம் பளிங்காகிவிட்டது. அதற்கப்புறம் துருத்திய பல் எதற்கு என்று உதட்டை மூடினேன். அறுந்த காது படத்தைக் கெடுத்தது. இரண்டு காதிலும் கம்மல் போட்டேன்.

செத்த கண்ணை ஜனங்கள் நின்று பார்க்க மாட்டார்கள், திறந்தே வரைந்துவிடுங்கள் என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அவள் கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை. எங்களில் பலருக்குச் சாமி படத்தில் கண்ணைக் கடைசியில்தான் வைக்கிற வழக்கம். அதற்கு முன்னால் எழுந்துபோய்க் கைகால் கழுவிவிட்டு வருவோம். அன்றைக்கும் அப்படியே கழுவிவிட்டு வந்து, அந்த வருஷத்து லட்சுமிக்கு வைத்த கண்ணையே இவளுக்கும் வைத்தேன். பக்தியாக வேலை செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

நோட்டீசின் கீழே நாலு வரி எழுத்து இருந்தது. போலீஸ் கொடுத்ததுதான்: வயது, உயரம், சிவப்புச் சேலை, முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு, இடது காது அறுந்தது. எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் புரூப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர்.

"தளும்பு உண்டுன்னு கீள போட்டிருக்கு. படத்துல ஒண்ணையும் காணுமே?"

"அதான் எளுத்துல இருக்குல்லா அண்ணாச்சி" என்றேன்.

அவர் படத்தையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே தகட்டைச் சுரண்டித் திருத்தியிருக்கலாம். அரை நாள் வேலை. ஒரு கம்பாசிட்டர் எனக்குப் படம் சொல்லிக் கொடுப்பதா என்ற எரிச்சல்தான் அப்போது எனக்கு இருந்தது.

நோட்டீஸ் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று எல்லா பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டப்பட்டது. ஊரில் நல்ல பேச்சு. என்ன லட்சணமான பெண், எந்தப் பாவி இப்படிச் செய்தானோ என்று பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் படத்தை மட்டும் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் காட்டினார், நானும் சிரித்தேன். அடையாளம் சொல்ல மட்டும் ஓர் ஆளும் வரவில்லை. உடலை வைத்திருக்க முடியாமல் முனிசிபாலிட்டிக்காரர்கள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கொஞ்ச நாளில் நோட்டீஸ் மேல் சினிமா போஸ்டர் ஏறியது. நானும் தீபாவளி சீசன் வேலையில் அவளை மறந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு நாள் காலையில் மல்லாங்கிணறு பக்கத்து விவசாயி ஒருவர் அச்சாபீசுக்கு வந்தார். அறுபது வயசு இருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு சின்ன மூட்டை. விருதுநகர் மண்டிக்குக் கொத்தமல்லி போட வந்த இடத்தில், சிவகாசியில் ஆளைப் பார்க்காமலே முகம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மகளைக் காணவில்லை. போட்டோ கிடையாது. காணவில்லை என்று நோட்டீஸ் போட வேண்டும், நான் சொல்லச் சொல்ல வரைவீர்களா என்று கேட்டார். உட்காரச் சொல்லிப் பென்சிலை எடுத்தேன்.

"மூஞ்சியெல்லாம் அம்மைத் தளும்பு தம்பி. ஏளு வயசுல வந்துச்சு. பிளைச்சதே பெரிய காரியம்" என்று ஆரம்பித்தார். முன்னால் வந்த ஒரு பல்லைச் சொன்னார். இடது காதைச் சொன்னார். இடுப்பில் தூக்கி வைத்திருந்த தம்பிக்காரன் கம்மலைப் பிடித்து இழுத்ததில் அறுந்துவிட்டதாம். அவர் காதைச் சொல்வதற்கு முன்பே என் பென்சில் காதுக்குப் போயிருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களே, பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன் தம்பி. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்துச்சு. கெணத்துல கெடந்த பிள்ளைன்னு சொன்னாக. நெஞ்சு பதறி ஓடிப் போய்ப் பாத்தேன். அது மகாலச்சுமி கணக்கா ஒரு பிள்ளை. ரெண்டு காதுலயும் கம்மல். எம்மக இல்லடா சாமின்னு அங்கனயே கும்பிட்டுட்டு வந்தேன்."

கீழே இருந்த எழுத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா என்றேன். மூஞ்சியே வேறு என்று ஆன பிறகு எழுத்து எதற்கு என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

மீதிக் கதையை அவரே சொன்னார். மகளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளையல்காரனோடு ஓடிவிட்டாள் என்று மருமகன் வந்து சொல்லியிருக்கிறான். ஆறு மாசத்தில் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். ஊர் அதைத்தான் நம்பியது. அவள் அம்மா அந்தக் கேவலத்திலேயே படுத்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்காவது உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றார் அவர். கழுத்துத் தடமும் மருமகன் சொன்ன கதையும் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. வாயைத் திறந்தால் போதும். நான் குனிந்து தழும்புகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தேன்.

படத்தைக் கையில் வாங்கியதும் அவர் அழுதார். "பக்கத்துல இருந்து பாத்த மாதிரில்லா வரைஞ்சிட்டீக" என்றார். மூட்டையில் இருந்த மல்லியை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு ரசம் மணத்தது. என்னால் சாப்பிட முடியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாப்பிட்டேன்.

மறு வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய சப் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். ஆள் அடையாளம் தெரியாமல் கேசை மூடிவிட்டார்கள் என்றும், அப்பா என்று ஒருத்தர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், எழுதி வாங்கி மேலே அனுப்பலாம் என்றும் சொன்னார். அவ்வளவுதான் தேவை. பஸ் ஏறி மல்லாங்கிணறு போய் அவரைக் கூட்டி வர வேண்டும். தீபாவளி வேலை முடியட்டும் என்றேன். காலண்டர் வேலை முடியட்டும் என்றேன். வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? அந்த மனிதர் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாரே என்ற பயம்தான் எனக்கு, வேறொன்றுமில்லை.

அடுத்த வருஷம் மல்லி அறுப்பு முடிந்ததும் அவரே வந்தார். நோட்டீஸ் கிழிந்துபோய்விட்டது, திரும்ப அடிக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு ஒன்று கேட்டார். அவளுக்கு இப்போது வயசு கூடியிருக்குமே, அதற்குத் தக்கபடி மாற்றித் தர முடியுமா? கன்னத்தில் சதையைக் கொஞ்சம் குறைத்தேன், கண்ணுக்குக் கீழே ஒரு கோடு சேர்த்தேன். மண்ணுக்குள் கிடக்கிறவளுக்கு உட்கார்ந்து வயசு கூட்டினேன். அவங்க அம்மா ஜாடை வந்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கடுத்த வருஷமும் வந்தார், மூட்டையோடு. அதற்கும் கூட்டினேன்.

நாலாவது தடவை வந்தபோது ஆள் மெலிந்திருந்தார். இளைய மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போய்விட்டது, ஓடிப்போனவள் தங்கச்சி என்று சொல்லிவிட்டார்கள் என்றார். மூத்தவள் ஓடிப்போகவில்லை என்று அன்றைக்கு நான் நினைத்தால் சொல்ல முடியும். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று பட்டது. பீரோவின் அடித்தட்டில் இருந்த பழைய போலீஸ் நோட்டீசை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "ஐயா, இது உங்க மக. நாந்தான் வரைஞ்சேன். தளும்பெல்லாம் அடைச்சு, தப்பா வரைஞ்சிட்டேன். கெணத்துல கெடந்தது அவதான்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் நோட்டீசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. வேலை மிகுதியில் குழம்பிப்போன ஒருத்தனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"இது அவ இல்ல தம்பி. எம்மகளை அச்சு அசலா வரைஞ்ச கை உங்க கை. அந்தக் கை அவளை இப்படி வரையுமா? நீங்க வேற யாரையோ நெனச்சுக் கலங்குதீக."

படத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது. முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு, இடது காது அறுந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டியிருந்தால் அவர் மறுத்திருக்க முடியாது. கம்பாசிட்டர் பத்தடி தள்ளி நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டிருந்தாலும் போதும், சாட்சி சொல்லியிருப்பார். நான் கூப்பிடவில்லை. அவர் மறுத்தபோது எனக்குள் வந்தது துக்கமில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி வந்தது. இத்தனை வருஷமாகியும் என்னைத் தலைநிமிர விடாமல் செய்வது அந்த நிம்மதிதான்.

நோட்டீசை மடித்து மறுபடி பீரோவுக்குள் வைத்தேன்.

"இந்த வருசத்துக்கும் வயசு கூட்டிப் போட்டுருவீகளா?" என்று கேட்டார்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். காதோரம் ஒரு நரைமுடி சேர்த்துக் கொடுத்தேன்.