இன்னும் போகாத கைக்கு ஒரு வெள்ளிக் கை

ஒரகடத்தில் மெஷினுக்கும் திருஷ்டி கழிக்கிறார்கள். அமாவாசை தவறாமல் எங்கள் பிரஸ் ஷாப்பில் நாலாம் நம்பர் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, நறுக்கி, குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வீசுவார்கள். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நம்மூரில் கடலில் இறக்கும் வள்ளத்துக்குப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்போம். வள்ளம் கடலுக்குப் போகிறது, அதற்குப் பயம் உண்டு, சரி. நாலு சுவருக்குள் போல்ட் போட்டு நிற்கிற இரும்புக்கு என்ன பயம்? பயம் இரும்புக்கு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் விளங்கியது. என் பங்குக்கு நான் சுவிட்ச் போடுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். நாலாம் மெஷினில் உட்காரும் கோகிலா ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தெனம் கொசு கடிக்கிதா? நெத்தி, நெஞ்சு, தோளுன்னு தட்டிக்கினே கீறியே" என்றாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிரிப்பு அப்புறம் வந்தது.

நான் அமலி. மணப்பாட்டுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். ஒரே மாநிலத்துக்குள் போய்விட்டு என்னமோ பரதேசம் போனவள் மாதிரி எழுதுகிறாளே என்று ஊரில் சிலர் கேட்பீர்கள். இங்கே வந்து ஒரு மாதம் இருந்து பாருங்கள். காற்றில் உப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லை, ஷிப்ட்தான் உண்டு. முதலில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு இருந்தேன், இப்போது குன்றத்தூரில் வாடகை அறை. கார் கதவுக்குக் கீல் அடிக்கிற கம்பெனியில் லைன் லீடர் வேலை. கம்பெனி பேர் வேண்டாம். கோகிலா வடக்குப்பட்டுப் பெண். அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது வேறொரு கம்பெனி நிற்கிறது. "எங்க களத்து மேலதான்க்கா அவங்க கேன்டீன் கீது" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி போல.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் செபப் புத்தகத்திலிருந்து லூசியம்மாள் படம் கீழே விழுந்தது. கோகிலா எடுத்துப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். லூசியம்மாள் ஒரு தட்டில் இரண்டு கண்களை வைத்துக்கொண்டு நிற்பாள், உங்களுக்குத் தெரியும். வேத விரோதிகள் கண்ணைப் பிடுங்கினார்கள், ஆண்டவர் வேறு கண் கொடுத்தார், அதனால்தான் முகத்தில் இரண்டு, தட்டில் இரண்டு என்றேன். அடுத்து, உயிரோடு உரிக்கப்பட்ட தன் தோலையே கையில் போட்டுக்கொண்டு நிற்கும் பார்த்தலோமேயு படத்தையும் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! சவேரியார் கதைக்குப் போனேன்.

சவேரியார் நமக்குப் பீடத்தில் நிற்கும் வெறும் அர்ச்சியசிஷ்டர் இல்லை, சொந்தக்காரர் மாதிரி. நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருத்தெருவாய் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தட்டுத்தடுமாறித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவர். ஒரே நாளில் அத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கை ஓய்ந்து போனதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். ஞானோபதேச வகுப்பில் அதைக் கேட்ட நாளில், என் முன்னோர் தலையில் தண்ணீர் ஊற்றிய அந்தக் கையை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அவர் சீனக் கரையோரத் தீவொன்றில் செத்தார். சதை சீக்கிரம் கரையட்டும், எலும்பை எடுத்துப் போகலாம் என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மாதங்கள் கழித்துத் தோண்டினால் உடம்பு அழியாமல் இருந்தது. கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பாதத்தில் வாய் வைத்து முத்திசெய்ய வந்த ஒரு சீமாட்டி கால்விரலைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுகூடச் சொல்வார்கள். பிறகு வலது கையை முழங்கையோடு அறுத்து ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். உடம்பு இன்றைக்கும் கோவாவில், கை ரோமில்.

கோகிலா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். "கைய இன்னாத்துக்கு அறுத்தாங்க?"

"ரோமாபுரில கேட்டாவ."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

நான் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இனி அந்த மெஷினைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் டைக்கு அடியில் இருக்காது, அவ்வளவுதான் ஏற்பாடு. தீபாவளிக்கு முன்னால் டார்கெட்டை ஏற்றினார்கள். அன்று காலை சூப்பர்வைசர் ஒரு சைக்கிள் ட்யூப் துண்டைக் கொண்டுவந்து நாலாம் மெஷினின் இடது பட்டனை அமுக்கியபடியே இறுக்கிக் கட்டினார். பழைய மெஷின், அதற்கு வித்தியாசம் தெரியாது. இனி வலது கையால் பட்டனைத் தட்டலாம், இடது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை வேகமாக ஓடியது. கோகிலாவுக்குக்கூடச் சந்தோஷம், ஒரு கை ஓய்வு என்று சிரித்தாள். ஷிப்ட் தொடங்குமுன் 'இரண்டு பட்டனும் சரி' என்று செக்லிஸ்டில் கையெழுத்துப் போடவேண்டியவள் நான். போட்டேன். ஹாஸ்டலில் ஒரு வாளித் தண்ணீருக்குக் கண்டவளோடெல்லாம் மல்லுக்கு நின்றவள் நான், அந்த ரப்பருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன். லைன் லீடர் வேலை போய்விடும் என்ற பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஆனால் உள்ளுக்குள் நிம்மதி போய்விட்டது. டை இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பி அவள் இடது கையைப் பார்த்தேன். ஒரு ஞாயிறு லீவு கிடைத்ததும் பரங்கிமலைக்குப் போனேன். அங்கே தோமையார் செதுக்கியதாகச் சொல்லும் கற்சிலுவை இருக்கிறது. முற்காலத்தில் பூசை நேரத்தில் அது இரத்தம் வியர்த்ததாம், நிறம் மாறுமாம், வியர்த்தால் ஏதோ ஆபத்து வருகிறது என்று சனங்கள் நடுங்குவார்களாம். ஒரு மணி நேரம் அதையே பார்த்தபடி முழந்தாளில் இருந்தேன். கல் காய்ந்துதான் இருந்தது. எனக்குத்தான் வியர்த்தது.

டிசம்பரில் சவேரியார் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். கோயில் வாசலில் வெள்ளி உருவம் விற்பார்களே, கண், கால், தொட்டில் என்று, அங்கே போய் ஒரு கை கேட்டேன்.

"யாருக்குக் கை சொகமில்ல?" என்றாள் கடைக்காரி.

"யாருக்கும் இல்ல. போயிரக் கூடாதுன்னுதான்."

எடுத்த உருவத்தை அவள் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். "வந்த நோவுக்குத்தான்ட்டி உருவம் போடணும். வராததுக்குப் போட்டா அது நாமளே கேட்டு வாங்குன மாதிரி."

ஆனாலும் பிடிவாதமாக வாங்கினேன். நோவுள்ள இடத்தில் வைத்துத் தடவிய பிறகுதான் உருவத்தைச் சவேரியார் பாதத்தில் போடவேண்டும், அதுதான் நம் வழக்கம். தடவவேண்டிய கை ஒரகடத்தில் இருந்தது. அதனால் அந்த வெள்ளிக் கையைப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வளையல் பார்க்கிற சாக்கில் கோகிலாவின் இடது கையைப் பிடித்து, புறங்கையிலிருந்து விரல் நுனிவரை அந்த வெள்ளித் தகட்டால் தடவினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"கை."

"யார் கை?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். "ஒன் கைதான்" என்றேன்.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் ஒரு ஆளின் உறுப்பைத் தகட்டில் செய்வது ஒரே ஒரு காரியத்துக்குத்தானாம். முகம் வெளுத்துப் போய், "எனுக்கு சூனியம் வெக்கிறியா? உனுக்கு நான் இன்னாக்கா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். வேண்டுதலைச் சொன்னேன், ரப்பரைச் சொன்னேன், கடைக்காரி சொன்னதைக்கூட மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் முகத்தில் பயம் இறங்கியது. ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசம்.

"அப்ப என் கை போவும்னு உனுக்குத் தெரியும்."

வெள்ளிக் கையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"சாமியாண்ட சொல்லத் தெரிஞ்சிது. என்னாண்ட சொல்லத் தெரில. தெனம் கையெழுத்துப் போடறது நீதானக்கா?"

இத்தனை வருசம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பாவம் சொல்லியிருக்கிறேன். என் பாவத்தை இப்படி என் முகத்துக்கு நேரே எடுத்து வைத்தவர்கள் யாரும் இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை செக்லிஸ்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேக்கிங் கத்தியை எடுத்து ட்யூபை அறுத்துக் குப்பையில் போட்டேன். சூப்பர்வைசர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னாம்மா அமலி, மனசு சரியில்லியா? பேக்கிங்ல போய் கொஞ்ச நாள் இரு" என்றார். பத்து நிமிடத்தில் வேறொரு லீடர் வந்து கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் புது ட்யூப் வந்துவிட்டது. ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரசாங்க ஆபீசுக்கும் எழுதினேன், பதிலைக் காணோம். "வேலையை விட்டுருட்டி" என்று கோகிலாவிடம் மன்றாடினேன். "வுட்டுட்டு? நெலத்துக்கா போறது?" என்றாள். மெஷினை மாற்றிக் கேட்டாளாம். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்களாம். இப்போதும் அவள்தான் அங்கே உட்காருகிறாள். உருவத்தை நான் இன்னும் சவேரியாரிடம் சேர்க்கவில்லை, சேர்க்க எனக்கு முகமில்லை.

பேக்கிங் ஷெட் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பிரஸ் ஷாப் அந்தப் பக்கம். நடுவில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஆள் தெரியாது, மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். நேரங்கெட்ட நேரத்தில் அந்தச் சத்தம் நின்றால் என் கையில் இருக்கும் பெட்டி நழுவும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் கோகிலா வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்துக் காட்டுகிறாள். இந்த ஏற்பாட்டை அவளே தொடங்கினாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காட்டாமல் சாப்பிடப் போவதில்லை. நான் பத்து விரலையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.

அதே பன்னிரண்டு மணிக்குத்தான் ஊர்க் கோயிலில் செபத்துக்குத் திரிகால மணி அடிக்கும். அம்மா போனைக் கோயில் பக்கமாகப் பிடித்து எனக்கு அதைக் கேட்க வைப்பாள். பிறகு செபத்தில் அவள் ஒரு அடி சொல்லவேண்டும், மறு அடி நான் சொல்லவேண்டும். இன்றைக்கும் அவள் தன் அடியைச் சொல்லி முடித்துவிட்டாள். நான் ஏழு வரை எண்ணியிருந்தேன், லாரி ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது.

"ஏட்டி, லைன்ல இருக்கியா? சொல்லு" என்கிறாள் அம்மா.

லாரி நகரட்டும் என்று நிற்கிறேன்.